அண்டாவுக்குள் உட்கார மாட்டேன்

1

இந்த வாரத்தோடு நான் செத்துப் பதினான்கு வருஷம் ஆகிறது. மதராஸில் எங்கள் புரசைவாக்கம் கிரிக்கெட் கிளப்பில் வழக்கம்போல ஆட்டம் நடந்திருக்கும். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணிகளும் தொப்பியைக் கழற்றி மௌனமாக நின்றிருக்கும். சாயங்காலம் ஜெயித்தவர்களுக்கு ‘சுந்தரேசன் நினைவுக் கோப்பை’யைக் கொடுத்திருப்பார்கள். அந்தச் சுந்தரேசன் நான்தான். மலாக்காவில் காஜா பெராங் என்ற இடத்தில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறேன்.

கோப்பை வைக்கும் அளவுக்கு நான் பெரிய ஆட்டக்காரனும் இல்லை. இரண்டாம் டிவிஷனில் வேகப்பந்து போட்டவன். முதல் டிவிஷன் கிளப் ஒன்று ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டது, அதுவும் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் கொண்டுபோக. யுத்தம் வந்தபோது விமானப்படையில் சேர்ந்தேன். ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள், பர்மா எல்லைக்கு அனுப்பினார்கள். மழைக்காலத்தில் ஒருநாள் பர்மாவில் சிந்துவின் என்ற ஆற்றுக்கு மேலே என் விமானம் அடிபட்டது. பக்கத்தில் பறந்த நண்பன் அது எரிந்துகொண்டே மேகத்துக்குள் போனதைப் பார்த்தான். பாரசூட் விரிந்ததை அவன் பார்க்கவில்லை. பார்த்ததைப் பார்த்தபடியே போய்ச் சொன்னான். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்கு முதலில் காணவில்லை என்று தந்தி போனது. பிறகு இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார் என்று இன்னொன்று போனது. உடல் இல்லாததால் அப்பா தர்ப்பைப்புல்லில் ஓர் உருவம் செய்யச் சொல்லி, அதை என் பெயர் சொல்லி எரித்தார். பதினாறு நாள் காரியமும் குறைவில்லாமல் நடந்தது. அந்த நாட்களில் நான் ரங்கூன் சிறையில் ஜப்பான்காரன் காவலில் இருந்தேன். காலை நீட்ட முடியாத அறை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், வாய் திறந்தால் அடி விழும்.

2

யுத்தம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அம்மா ஓடி வந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தொடாதே. புரோகிதர் வரட்டும்.”

புரோகிதர் வந்து விஷயத்தை விளக்கினார். செத்ததாகக் கர்மம் செய்யப்பட்டவன் திரும்பி வந்தால் அவனை அப்படியே வீட்டுக்குள் சேர்க்க முடியாது. அவன் மறுபடியும் பிறக்க வேண்டும். பெரிய அண்டாவில் நெய்யும் தண்ணீரும் கலந்து ஊற்றுவார்கள். அவன் அதற்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, முஷ்டியை மடக்கிக்கொண்டு, பேசாமல் ஓர் இரவு உட்கார வேண்டும். அதுதான் கர்ப்பம். விடிந்ததும் வெளியே எடுத்துக் குளிப்பாட்டி, தொட்டிலிட்டு, பெயர் வைத்து, காது குத்தி எல்லாம் முறையாகச் செய்வார்கள். அப்புறம் அவன் அந்த வீட்டுப் பிள்ளை.

புரோகிதர் கெட்டவர் இல்லை. சின்ன வயதில் எனக்குப் புராணக் கதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தவர்தான். “ஒரே ராத்திரிதானேப்பா” என்றார்.

“ஒரு வருஷம் அப்படித்தான் உட்கார்ந்துட்டு வந்திருக்கேன். இனிமே ஒரு நிமிஷம்கூட முடியாது” என்றேன்.

அப்பா, “அப்போ நீ என் பிள்ளை இல்லை” என்றார்.

“நீங்க எரிச்ச புல்லுதான் உங்க பிள்ளைன்னா அதையே வெச்சுக்கோங்க.”

இந்த வார்த்தையை இன்றைக்கும் நான் திரும்பச் சொல்வேன். எனக்குக் கோபம் சடங்குமேல் இல்லை. உயிரோடு நின்றவனைத் தொடவிடாமல் ஒரு தாயின் கையைப் பிடித்து நிறுத்தினார்களே, அதன்மேல்.

கிளப்புக்குப் போனால் அங்கேயும் இதே கூத்து. காரியதரிசி என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார், அடுத்த நொடியே முகம் வாடினார். “கோப்பையில பேரு வெட்டியாச்சு சார்” என்றார். ஏதோ நான் திரும்பி வந்து காரியத்தைக் கெடுத்துவிட்டது போல. அந்த வருஷ நினைவு ஆட்டத்துக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக உட்காரச் சொன்னார்கள். உட்கார மாட்டேன், ஆடுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். எனக்காக எல்லோரும் மௌனமாக நின்றபோது நானும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். அதன்பிறகு முதல் பந்திலேயே அவுட் ஆனேன். தன் நினைவுக் கோப்பையில் தானே பூஜ்யம் எடுத்தவன் உலகத்தில் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

3

படையில் கூட இருந்த ஒருவன் மலாக்காவிலிருந்து எழுதினான். பஸ் கம்பெனி ஒன்றில் எஞ்சின் தெரிந்த ஆள் வேண்டுமாம். கப்பல் ஏறிவிட்டேன். ஆகாயத்தில் ஓட்டினவன் இப்போது கிளேபாங் பஸ் ஏன் இன்னும் வரவில்லை, செங் போகிற வண்டிக்கு ஏன் புகை அடிக்கிறது, புக்கிட் பாரு டிரைவர் எங்கே டீ குடிக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இதில் வெட்கமே இல்லை. என் வண்டிகள் எரிந்ததும் இல்லை, யாரையும் எரித்ததும் இல்லை.

காஜா பெராங்கில் செட்டி மக்கள் இருக்கிறார்கள். நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் நம் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கத்துப் பெண்களைக் கட்டி, இங்கேயே நிலைத்துப்போனவர்களின் வாரிசுகள். கோயிலுக்குப் போவார்கள், திருநீறு பூசுவார்கள், பொங்கல் வைப்பார்கள். பேச்சு மட்டும் மலாய். பெண்கள் கபாயாவும் சாரோங்கும் கட்டுவார்கள். அந்த வீடுகளில் ஒன்றில்தான் கனகம்மாவைப் பார்த்தேன்.

பெண் கேட்கப் போனபோது என் கதையை ஒளிக்காமல் சொன்னேன். ஊரில் நான் செத்தவன், மறுபடி பிறக்க மறுத்தவன், வீட்டில் சேர்க்கவில்லை. மாமனார் நெடுநேரம் யோசித்தார். அவர் என்ன கேட்கப்போகிறாரோ என்று எனக்கு வியர்த்தது. கடைசியில் மலாயில் கேட்டார்: “மீன் சாப்பிடுவாயா?” சாப்பிடுவேன் என்றேன். கல்யாணம் நடந்தது.

எங்களுக்கு ஒரே மகள், லெட்சுமி. அவளுக்குத் தெரிந்த தமிழை விரல்விட்டு எண்ணலாம். அப்பா, கோயில், விபூதி, அப்புறம் நான் பஸ் டிரைவர்களைத் திட்டுகிற இரண்டு வார்த்தைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அ, ஆ எழுத உட்கார வைப்பேன். அவள் பார்வை ஜன்னலுக்கு வெளியே இருக்கும். பள்ளிக்கூடத்தில் ரவுண்டர்ஸ் என்று ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள், அமெரிக்கக்காரனுடைய பேஸ்பாலின் தங்கை மாதிரி. அதற்கு எறியக் கற்றுக்கொடு என்பாள், அதுவும் மலாயில். கற்றுக்கொடுப்பேன். என் தோளும் மணிக்கட்டும் அவளிடம் அப்படியே இருக்கின்றன. என் மொழி அவளிடம் இல்லை. இது எனக்கு வலிக்காது என்று எழுதினால் பொய்.

4

போன வருஷம் அண்ணன் வந்தான். எனக்கு ஆறு வயது மூத்தவன். அப்பாவுக்குப் பிறகு புரசைவாக்கம் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொள்கிறான். கைலி வியாபாரமாகப் பினாங்குக்கு வந்தவன், அங்கிருந்து எனக்குத் தந்தி அடித்தான். ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பேச வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன்.’

எங்கள் பக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், அம்மாவுக்கு இளைய மகன் வைப்பான். அப்பா போன சேதி எனக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதை விழுங்கிக்கொண்டேன். அம்மாவுக்கு நான்தான் இளையவன். அண்ணன் எதைப் பேச வருகிறான் என்று தந்தியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அண்டா மறுபடியும் கடல் தாண்டி வந்துகொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை செட்டி வீடுகளில் பர்ச்சு. நம் ஊரில் முன்னோருக்குப் படைக்கிற மாதிரிதான். வருஷத்தின் நடுவில், பழங்கள் பழுக்கும் காலத்தில் வரும். செத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் தரையில் வாழையிலை போட்டு, அவரவர் உயிரோடு இருந்தபோது ஆசைப்பட்டுச் சாப்பிட்டதைச் சமைத்து வைப்பார்கள். கனகம்மாவின் பாட்டனாருக்கு நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பலும், அத்தைக்குப் பொரித்த மீன், எல்லோருக்கும் பொதுவாக டுரியானும் மங்குஸ்தானும். சாம்பிராணி போட்டு, கூப்பிட்டு, பிறகு உயிரோடு இருக்கிறவர்கள் எல்லோரும் வெளியே வந்து முன்கதவைச் சாத்திவிடுவார்கள். செத்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் அல்லவா? கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

நாங்கள் வாசல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். நேரமானதும் மாமனார் எழுந்து கதவைத் தட்டினார்.

“வரலாம்!” என்று உள்ளேயிருந்து தமிழில் பதில் வந்தது.

மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாமனார் இரண்டடி பின்னால் வந்தார். இத்தனை வருஷமாகத் தட்டுகிறார், ஒருநாளும் யாரும் பதில் சொன்னதில்லை. கதவை நான்தான் திறந்தேன். கடைசி இலைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, என் அண்ணன் பாதிச் சாப்பாட்டை முடித்திருந்தான்.

மத்தியானமே பஸ் கிடைத்து வந்துவிட்டானாம். சந்துப் பக்கமாக வந்தவன் பின்கதவு திறந்திருப்பதைப் பார்த்து நுழைந்திருக்கிறான். கூடத்தில் வரிசையாக இலைகள். ஆள் இல்லை.

“என்னடா பாக்கறே? நான் வர்றேன்னுதானே எலை போட்டு வெச்சிருக்கீங்க? எண்ணெய்க் கத்திரிக்கா, மோர்க்கொழம்பு, மாங்காப் பச்சடி. இந்த ஊர்ல இத வேற யாரு துன்னப் போறா? சாம்பிராணி வேற போட்டிருந்தீங்க. பரவால்லையே, அண்ணனுக்கு மரியாத தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன்.”

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் புரசைவாக்கம் வீட்டில் அவன் வந்தால் இலை தயாராக இருக்கும். யாருக்கு என்று அவன் ஒருநாளும் கேட்க வேண்டியிருந்ததில்லை.

“அண்ணா,” என்றேன், “இது செத்தவங்களுக்குப் போட்ட எலை.”

கை நின்றது. “என்னது?”

“அது அப்பாவோட எலை.”

அவன் இலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கனகம்மா தமிழ் பேசமாட்டாள். ஆனால் ‘அப்பா’ என்ற சொல் அவளுக்குத் தெரியும். தலையை ஆட்டினாள். அப்பா இறந்த சேதி வந்த வருஷத்திலிருந்து அவள் அந்த இலையைப் போடுகிறாள். முதல் வருஷம், உன் அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று என்னைக் கேட்டாள். என்னைப் பிள்ளை இல்லை என்றவருக்கு என் வீட்டில் இலை கிடையாது என்று கத்தினேன். ‘நீ போட வேண்டாம், நான் போடுகிறேன். எனக்கு அவர் மாமனார்’ என்றாள். மோர்க்குழம்பை நான்கு தடவை கெடுத்து ஐந்தாம் தடவை சரியாக வைத்தாள்.

இதை அண்ணனுக்குச் சொன்னேன். அவன் சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே அழுதான். பெரிய உடம்பு, மீசை, தங்கச் சங்கிலி எல்லாம் குலுங்கக் குலுங்க அழுதான். மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தட்டி, “சுடா மாக்கான், சுடாலா” என்றாள். சாப்பிட்டாயிற்று, விடு என்று அர்த்தம். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து மாமனாருக்கும் வந்தது. கதவுக்குள்ளிருந்து ‘வரலாம்’ என்ற குரலை அவர் இன்றுவரை தெருவில் எல்லோருக்கும் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

5

அழுதாலும் அண்ணன் வந்த காரியத்தை மறக்கவில்லை. காப்பி குடித்துவிட்டு ஆரம்பித்தான்.

“அம்மாவுக்கு நெஞ்சுல நோவு. டாக்டர் ஒண்ணும் தெளிவா சொல்ல மாட்டேங்கறார். உன் கையாலதான் கொள்ளின்னு ஒத்தக் கால்ல நிக்கறா. நீ வந்து சம்பிரதாயத்த முடிச்சுடு. புரோகிதர்கிட்ட பேசிட்டேன். ராத்திரி பூரா வேண்டாம், ஒரு மணி நேரம் போதும்னுட்டார்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, பேரு வெக்கணும்.” கொஞ்சம் தயங்கினான். “மறுபடி பொறந்தவனுக்குப் பழைய கல்யாணம் செல்லாதாம். திரும்பத் தாலி கட்டணும். அதையும் அங்கியே வெச்சுக்கலாம். இவங்களையே கட்டிக்கோ, நான் வேணாங்கல. ஆனா ஜனங்க கேப்பாங்க. புள்ள பேரென்னன்னு கேட்டா மலாய்ல பதில் சொல்லுது.”

லெட்சுமி கதவோரம் நின்று அவன் மீசையை ரசித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பிறக்காதவளாக்கவும் ஒரு மணி நேரம் போதும் போலிருந்தது. அதுவரை எனக்குள் கொஞ்சம் ஆட்டம் இருந்தது என்பது உண்மை. அம்மாவின் நெஞ்சு வலி என்றதும், ஒரு மணி நேரம்தானே, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தேன். இதைக் கேட்டதும் அந்த ஆட்டம் நின்றுபோயிற்று.

“அண்ணா, இப்ப நீ செத்தவன் எலையில சாப்பிட்டியே, உன்ன என்ன செய்யணும்னு புரோகிதர்கிட்ட கேப்பியா?”

“இத யாராவது போய் சொல்லுவாங்களா?”

“உனக்குன்னா சொல்ல மாட்டே. எனக்குன்னா அண்டா. நான் வரமாட்டேன். அம்மாவைப் பாக்க வான்னு சொல்லு, இந்த நிமிஷமே பொறப்படறேன். பொறக்க வான்னா வரமாட்டேன்.”

“அவளுக்குக் கொள்ளி?”

காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். மறுநாள் காலை அவனை நானே பஸ் ஏற்றிவிட்டேன். கனகம்மா ஒரு டப்பா நிறைய மாங்காய்ப் பச்சடி கட்டிக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

6

அதற்கு இரண்டு மாதத்தில் இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. தெருவெல்லாம் கொடி. வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட் ஆடும் திடலில், முன்பெல்லாம் எங்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்துவார்களே அங்கே, கூட்டத்தோடு கூட்டமாக நானும் நின்று மெர்டேக்கா, சுதந்திரம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். எந்த ராஜாவுக்காகப் பறந்தேனோ அந்த ராஜாவின் கொடி இறங்கியது. எனக்கு ஒரு வருத்தமும் வரவில்லை.

குடியுரிமைக்கு எழுதிப்போட்டேன். ஆபீசில் ஒரு மலாய்க்கார இளைஞர் கேள்வி கேட்டார். நான் பதில் சொல்லச் சொல்ல அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டார். அப்புறம்தான் தெரிந்தது. நான் மலாய் கற்றது மாமியாரிடம். ஆறடி உயர முன்னாள் விமானி, காஜா பெராங் கிழவிகள் கறிக்காரனிடம் பேரம் பேசுகிற மலாயில் அரசாங்கத்துக்கு விசுவாசம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். “எங்கே கற்றீர்கள்?” என்றார். “என் வீட்டில்” என்றேன். என் வீடு என்று அந்த மொழியில் நான் தயங்காமல் சொன்னது அன்றைக்குத்தான்.

ஒரு சாட்சி வேண்டும் என்றார்கள். மாமனார் வந்து, இவன் உயிரோடு இருக்கிறான், எனக்குத் தெரியும், தினம் என் வீட்டு மீனைச் சாப்பிடுகிறான் என்றார். ஒரு ராஜாங்கம் என்னைச் செத்தவன் என்றது. இன்னொரு ராஜாங்கம் அண்டா எதுவும் கேட்காமல் முத்திரை குத்தி உயிரோடு எழுதிக்கொண்டது.

ஆனால் அம்மாவை நினைத்தால் இந்தப் பெருமையெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விடும். நான் ஜெயித்துவிட்டேன், அதற்கு அவள் விலை கொடுக்கப்போகிறாள் என்ற எண்ணம் பஸ் டிப்போவில்கூட என்னை விடவில்லை.

7

பொங்கலுக்கு முன்னால் அண்ணனிடமிருந்து இன்னொரு தந்தி. இந்தத் தடவை கப்பல் பெயரும் ‘அம்மா வருகிறாள்’ என்பதும் மட்டுமே இருந்தன.

பினாங்குத் துறைமுகத்தில் நின்றேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பாதியாக இளைத்திருந்தாள். யாரும் யாரையும் தடுப்பதற்கு முன்னால் என்னிடம் வந்து, முகம், தோள், கை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

அண்ணன்தான் சொன்னான். “நீ சொன்னத அப்படியே போய்ச் சொன்னேன்டா. ‘சரிதானே’ன்னுட்டா. அந்த மோர்க்கொழம்புக் கதையயும் சொன்னேன். அன்னிக்கே மூட்டையக் கட்டிட்டா. பாஸ்போர்ட்டுக்குத்தான் இத்தன மாசம் ஆச்சு.”

ரயிலும் பஸ்ஸும் மாறி வீடு வந்து சேர்ந்தோம். கனகம்மா காலில் விழுந்தாள். லெட்சுமியை மடியில் இழுத்துக்கொண்டு அம்மா ஏதேதோ கேட்டாள், அவள் ஏதேதோ பதில் சொன்னாள். ஒருவர் சொன்னது ஒருவருக்குப் புரியவில்லை, இரண்டு பேரும் நிறுத்தவும் இல்லை.

மறுநாள் காலையில் காப்பி குடித்த கையோடு அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“ஏன்டா, இந்த ஊர்ல நம்மவங்களுக்குச் சுடுகாடு எங்க இருக்கு?”

“எதுக்கும்மா இப்ப அது?”

“கூட்டிட்டுப் போய்க் காமி.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நான் டிப்போவுக்குச் சொல்லிவிட்டு ஒரு கார் பிடித்தேன். இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த இடத்தை ஒரு சுற்று நடந்தாள். மரங்களைப் பார்த்தாள். விறகு எங்கிருந்து வருகிறது என்று காவல்காரனைக் கேட்கச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அங்க செத்தா உன்னக் கிட்ட விடமாட்டானுங்க. இங்க யாரும் கேக்க மாட்டாங்க இல்ல?”

“கேக்க மாட்டாங்கம்மா.”

“நீதான் வெக்கணும்.”

“நான்தாம்மா.”

இன்னொரு தடவை சுற்றிலும் பார்த்துவிட்டு, காரில் ஏறி உட்கார்ந்தாள்.

“எடம் நல்லாத்தான் இருக்கு. அவசரமில்ல. வண்டிய வூட்டுக்கு வுடு, அந்தப் பொண்ணு எனக்காக வெறும் வயித்தோட காத்துக்கினு இருக்கும்.”